சர்க்கரைக்கு ஒரு டாக்டர், நெஞ்சுக்கு ஒரு டாக்டரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

உடலின் செல்லுக்குள் ஏற்படும் நெருக்கடி பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். செல்லுக்குள் புரதத்தைச் செய்து மடித்து அனுப்பும் எண்டோபிளாச வலை என்றால் எங்கள் பிள்ளைகளுக்குப் படம் வரைந்து பாகம் குறிக்கும் கேள்வி, அவ்வளவுதான். சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் அந்த வலையில் ஒரு வேர் இருக்கிறது என்பதைப் படித்தபோது, இன்னும் வகுப்பில் இருந்திருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொண்டது.

துருக்கியில் பிறந்து ஹார்வர்டில் பணியாற்றும் கோக்கான் ஹோத்தாமிஷ்லிகிலின் ஆய்வை எங்கள் திருப்பூர்ப் பக்கத்து ஆட்களுக்கு இப்படிச் சொல்லலாம். பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிள் செய்கிற வேலையைச் செல்லுக்குள் செய்வது எண்டோபிளாச வலை. புரதம் சரியான வடிவத்தில் மடிந்தால்தான் வேலைக்கு ஆகும். அப்படிச் சரியாக மடிந்தது வெளியே போகும். கோணலாக மடிந்தது அங்கேயே நிற்கும். உடம்பில் கொழுப்பு மிதமிஞ்சினால் கல்லீரலிலும் கொழுப்புத் திசுவிலும் டேமேஜ் பீஸ் குவிகிறது, அந்த நெருக்கடியில் செல் அபாயச் சங்கு ஊதுகிறது. ஓயாமல் ஊதும் அந்தச் சங்கால் இன்சுலினின் கட்டளை செல்லுக்குள் எடுபடாமல் போகிறது. 2004இல் ‘சயின்ஸ்’ இதழில் அவருடைய குழு காட்டியது இதைத்தான். புரதம் மடிய உதவும் வேதிப்பொருளைக் கொடுத்தபோது பருத்த எலிகளின் ரத்தச் சர்க்கரை இறங்கியது என்று 2006இல் எழுதினார்கள். அதே வகைப் பொருள் எலிகளின் ரத்தக்குழாயில் கொழுப்பு படிவதையும் குறைத்தது என்று 2009இல் தெரிந்தது. குழாய்ச் சுவரில் கொழுப்பை விழுங்கிக் கிடக்கும் வெள்ளணுக்களும் இதே நெருக்கடியால் சாகின்றன.

எலியிடம் பலித்தது சர்க்கரை நோயாளிக்கு மாத்திரையாக இன்னும் வரவில்லை. ஆனாலும் இரண்டு நோயும் ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பது தெரிந்துவிட்டது. சோமனூர், பல்லடம் பக்கம் நாங்கள் அப்படி நினைப்பதே இல்லை.

என் சித்தப்பா மகன் விசைத்தறி வைத்திருக்கிறான். எப்போது கேட்டாலும், “நூத்தி நாப்பதுதானுங்க்கா, கண்ட்ரோல்லதான் இருக்குது” என்பான். ஒரு நாள் விடியற்காலை தறி ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டை நனைய வேர்த்திருக்கிறது, இடது கை உளைந்திருக்கிறது. நெஞ்சு வலி இல்லை. வாயு என்று ஓமத்தண்ணி குடித்துவிட்டு அறுந்த இழையை முடிந்துகொண்டு நின்றிருக்கிறான். மதியம்தான் தெரிந்தது, மாரடைப்பு. பல வருடச் சர்க்கரை நரம்பைக் கெடுத்துவிட்டால் நெஞ்சு வலி தெரியாமலே போகலாம் என்று அவனுக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. வருடக்கணக்காக மாத்திரை வாங்கிய கிளினிக்கில் கொழுப்புப் பரிசோதனைகூட ஒரு தரம் எழுதித் தரவில்லை. ஸ்டென்ட் வைத்து இப்போது தேறி வருகிறான். எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

“ஒல்லியா இருக்கறவனுக்கு எங்கீங்க கொழுப்பு?” என்பது இன்னொரு பேச்சு. புனே மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் 2004இல் ‘லான்செட்’டில் தங்கள் இருவர் படத்தையும் போட்டுக் காட்டினார்கள். உயரத்துக்கு ஏற்ற எடைக் குறியீடு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடல் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. ராத்திரி ஷிஃப்ட் பார்த்துவிட்டு, பேக்கரியில் டீயும் பன்னும் தின்று பகலில் படுக்கும் எங்கள் மில் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் இந்தக் கணக்குத்தான் நினைவுக்கு வருகிறது.

நான் பார்த்த மில் முகாம்களில் விரல் நுனியில் குத்தி, நம்பரைச் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். ரத்த அழுத்தம், கொழுப்பு, சிறுநீரில் புரதம், நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஈசிஜி ஆகியவற்றையும் அதே நாளில் பார்த்தால் என்ன? மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது; கொழுப்புப் பரிசோதனையும் அப்படி வாசலுக்கு வர வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். சர்க்கரை உள்ளவர்களுக்கு மாரடைப்பு எப்படியெல்லாம் வரும், எப்போது 108ஐக் கூப்பிட வேண்டும் என்று ஓர் இதய மருத்துவரிடம் கேட்டு ஒரே பக்கத்தில் போடுங்கள். எங்கள் ஊர்த் தறிக்குடோன்களில் ஒட்டுவதற்கு நானே நகல் எடுத்துக் கொடுக்கிறேன்.

ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
சோமனூர்.