சான்றிதழ் கொடுத்தாயிற்று, ராடு எங்கே?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலவசத் திறன் பயிற்சி, சான்றிதழ் வழங்கும் விழா என்று அடிக்கடி செய்தி வருகிறது. கடலூர் முதுநகரை ஒட்டித்தான் சிப்காட் தொழிற்பேட்டை. ஆலைகளில் ஷட்டவுன், அதாவது பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் காலம், வந்தால் ஒப்பந்தக்காரர்கள் பைப் வெல்டர் தேடி அலைகிறார்கள். முதுநகரில் வெல்டிங் சான்றிதழ் வைத்திருக்கும் பையனோ ஹெல்பராகத்தான் கேட்டுக்குள் போகிறான். அவன் சோம்பேறி என்பதால் அல்ல. பயிற்சி பாதியில் நின்றுவிடுவதால்.

குறுகிய காலப் பயிற்சியில் பெரும்பாலும் சொல்லித் தருவது, தட்டையாகக் கிடத்திய இரும்புத் தகட்டில் 6013 ரக ராடால் (உருகி இணைப்பை நிரப்பும் வெல்டிங் குச்சி) ஃபில்லட், அதாவது மூலை இணைப்பு, போடுவது. கிரில் பட்டறைக்கு அது போதும். ஆலைக் குழாய் வேலைக்கு வைக்கும் டெஸ்ட் 6ஜி. 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்திய குழாயை, அடியிலிருந்து மேல்வரை சுற்றிச் சுற்றி வெல்டு செய்ய வேண்டும். ரூட் எனப்படும் அடி வரிசைக்கு டிக் (ஆர்கான் வாயுவின் காப்பில் செய்யும் வெல்டிங்), அதற்குமேல் 7018 ரக ராடு என்பதே வழக்கம். வளைத்துப் பார்க்கும்போதோ எக்ஸ்ரேயிலோ ரூட் பிடிக்காதது தெரிந்தால் கதை முடிந்தது.

இதற்குக் கை பழக ராடு எரிய வேண்டும். 3.15 மி.மீ. ராடு ஒன்று எரிந்து முடிய ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். ஒரு மாணவனுக்கு நாளைக்குப் பத்து ராடு கொடுத்தால் அவன் பழகுவது கால் மணி நேரம். மீதி நேரம் அடுத்தவன் வெல்டு செய்வதைக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறான். ராடு, ஆர்கான், குழாய்த் துண்டு, கிரைண்டிங் வீல் எல்லாம் காசு. செலவைக் குறைக்க நினைக்கும் மையம் முதலில் கை வைப்பதும் இவற்றில்தான். ஆய்வுக்கு வருபவர்கள் வருகைப் பதிவேட்டோடு சேர்த்து ராடு வாங்கிய பில்லையும் பார்க்கட்டும். மூலையில் கிடக்கும், எரிந்து மீந்த ராடு முனைகளை எண்ணினாலே பாதி உண்மை தெரிந்துவிடும்!

கடலோர ஊருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. 7018 ராடு ஈரத்தை இழுக்கும். பிரித்த பாக்கெட்டை அப்படியே பெஞ்சில் போட்டுவிட்டு மறுநாள் எடுத்து வெல்டு செய்தால் துளை விழும். ஹைட்ரஜன் ஏறி விரிசலும் விடலாம். உறையில் போட்டிருக்கும் சூட்டில், பெரும்பாலும் 250 முதல் 350 டிகிரிக்குள், ஓவனில் உலர்த்தி எடுத்துச் சூடு ஆறாமல் வைத்திருக்க வேண்டும். ஓவன் இல்லாத மையத்தில் 7018 சொல்லித் தருவது வீண் வேலை. திறந்தவெளியில் டிக் போட்டால் கடல்காற்று ஆர்கானை அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால் தடுப்பும் வேண்டும். இவை ஒன்றும் பெரிய செலவில்லை.

டெஸ்டில் தேறியதும் வேலை கிடைத்தாக வேண்டும். ஏ.எஸ்.எம்.இ. என்ற அமெரிக்கப் பொறியாளர் சங்க விதித்தொகுப்பின் 9ஆம் பிரிவின்படி, ஒரு வெல்டர் அந்த முறையில் ஆறு மாதம் வெல்டு செய்யாவிட்டால் அவருடைய தகுதி காலாவதி. ஒப்பந்தக்காரர் மாறினாலும் பெரும்பாலும் புதிய டெஸ்ட்தான். ஆகவே ஷட்டவுன் வரும் மாதத்தை ஆலைகளிடம் முன்கூட்டியே கேட்டு, அதற்கு ஒரு மாதம் முன்பு முடிகிறாற்போல் பயிற்சியைத் தொடங்குவதே புத்திசாலித்தனம். நிதியாண்டு முடிவதற்குள் எண்ணிக்கை காட்ட வேண்டுமென்று மார்ச்சில் முடிப்பதால் யாருக்கு என்ன லாபம்?

ஆலைக்குள் நுழைய வாங்கும் கேட் பாஸில் தடுக்குவது பெயர். ஆதாரில் தந்தை பெயரை முழுதாகச் சேர்த்து எழுதியிருப்பார்கள், பள்ளி டி.சி.யில் இனிஷியல் மட்டும், வங்கிப் புத்தகத்தில் இனிஷியல் பின்னால். பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவு அங்கேயே நின்றுவிடும். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறையும், பிறந்த தேதியை ஒரு முறையும்தான் மாற்ற முடியும். அவசரப்பட்டு இ-சேவை மையத்தில் திருத்தி, அதிலும் எழுத்துப் பிழை வந்தால் பெரும் சிக்கல். எந்த ஆவணத்தை அடிப்படையாக வைப்பது என்று முடிவு செய்துவிட்டு மற்றவற்றை அதற்கேற்பத் திருத்த வேண்டும். பயிற்சியின் முதல் வாரத்திலேயே இதைச் செய்தால் சேரும் நாளில் அலைச்சல் இல்லை.

அடுத்தது முதல் சம்பளம். 2ஆம் தேதி வேலைக்குச் சேர்பவன் அடுத்த மாதம் 7ஆம் தேதி வரை 35 நாள் கையில் காசில்லாமல் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சமாளிக்க வேண்டும். முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் கூடை தூக்கினால் அன்றன்றைக்குப் பணம். பத்தாம் நாள் அவன் துறைமுகத்துக்கே திரும்புவதை ‘நிலைத்து நிற்க மாட்டார்கள்’ என்று ஏசுவது அபத்தம். பயிற்சிக்கால உதவித்தொகையில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்து, வேலையில் சேர்ந்த பிறகு வாரம் ஒருமுறை கொடுக்கலாம்.

தொழிற்பழகுநர் சட்டத்தையும் யாரும் நினைப்பதில்லை. 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், ஒப்பந்தத் தொழிலாளர்களையும் சேர்த்துக் கணக்கிட்டு, குறைந்தது 2.5 சதவீதம் பழகுநர்களை எடுத்தாக வேண்டும். 200 பேர் ஆலையில் ஐந்து இடம். சிப்காட்டில் எந்த ஆலை எத்தனை பேரை எடுத்தது, அதில் முதுநகர், சோனங்குப்பம் பிள்ளைகள் எத்தனை பேர் என்ற கணக்கை மாவட்ட நிர்வாகம் வெளியிட வேண்டும். அடுத்த விழாவுக்குச் செல்லும் தங்கள் நிருபர், சென்ற ஆண்டு சான்றிதழ் வாங்கியவர்களில் எத்தனை பேர் இன்று வெல்டராக இருக்கிறார்கள் என்றும் கேட்டு எழுதினால் நல்லது.

இப்படிக்கு,
வெல்டிங் பயிற்றுநர் ஒருவர்,
கடலூர் முதுநகர்