சித்தப்பாவுக்கு சூரிச்சிலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள சித்தப்பா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு நான் நலம். தங்கள் நலமும் சித்தியின் நலமும் அறிய ஆவல். சென்ற கடிதத்தில் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். பிளாக்செயின் பொருளியல், செயற்கை நுண்ணறிவு என்று பெயர் சொல்லிக்கொண்டு நான் என்னதான் செய்கிறேன் என்பது ஒன்று. புள்ளியியல் முடிக்கப்போகும் தங்கை இதே துறைக்கு வர ஆசைப்படுகிறாளே, வரவிடலாமா என்பது மற்றொன்று. தொலைபேசியில் சொன்னால் இரண்டுமே அரைகுறையாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

நான் பிட்காயின் போன்ற மின்நாணயங்களை வாங்கி விற்பவன் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தக் காசு எப்போது ஏறும் என்று உறவினர்கள் கேட்கும்போதெல்லாம் தெரியாது என்கிறேன். அவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2022 மே மாதத்தில் டெர்ரா - லூனா என்னும் மின்நாணயங்கள் சரிந்தபோதும், அதே ஆண்டு நவம்பரில் எஃப்.டி.எக்ஸ். என்னும் மின்நாணயப் பரிமாற்றகம் திவாலானபோதும் இந்தக் கேள்விகள் சில மாதங்கள் நின்றிருந்தன. விலை ஏறியதும் திரும்ப வந்துவிட்டன.

வங்கித் தணிக்கையில் வாழ்நாளைக் கழித்தவர் என்பதால் தங்களுக்கு இதைப் பேரேட்டிலிருந்தே விளக்கலாம். பிளாக்செயின் என்பது ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாமல், பலருடைய கணினிகள் சேர்ந்து எழுதிவரும் ஒரு பொதுப் பேரேடு. வங்கியின் பேரேட்டில் ஒருவர் பொய்க்கணக்கு எழுதினால் தணிக்கையாளர் கண்டுபிடிப்பார், வழக்கு நடக்கும், தண்டனை கிடைக்கும் என்ற அச்சம்தான் அந்தப் பேரேட்டின் காவல். 2009 சனவரியில் இயங்கத் தொடங்கிய பிட்காயினில் அப்படி ஒருவரும் இல்லை. யார் எழுதுகிறார் என்பதே தெரியாது. ஆகவே நேர்மையாக எழுதுபவருக்குக் கிடைக்கும் ஆதாயம், ஏமாற்றுபவருக்குக் கிடைக்கும் ஆதாயத்தைவிடக் கூடுதலாக இருக்கும்படி விதிகளை அமைக்க வேண்டியிருக்கிறது. அப்படி அமைந்திருக்கிறதா, எதுவரை தாங்கும், எங்கே உடையும் என்று கணக்கிட்டுப் பார்ப்பதே என் துறை. எரிக் புடிஷ் என்னும் பொருளியலாளர் 2018இல் இதன் அடிப்படைச் சிக்கலை எடுத்துக்காட்டினார்: பேரேட்டைத் தாக்குபவருக்குக் கிடைக்கக்கூடிய கொள்ளை ஒரே ஒரு முறை வருவது, அதைத் தடுப்பதற்கான செலவையோ ஒவ்வொரு தொகுதிக்கும் (பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்) ஓயாமல் செய்துகொண்டே இருக்க வேண்டும். பேரேட்டில் புழங்கும் தொகை பெருகப் பெருக அந்தக் காவற்செலவும் பெருகியாக வேண்டும். பிட்காயினிலோ அந்தச் செலவுக்காகத் தொகுதியை எழுதுபவருக்குக் கிடைக்கும் பரிசு ஏறத்தாழ நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகிறது; 50 பிட்காயின்களில் தொடங்கியது 2024 ஏப்ரலில் 3.125க்கு வந்துவிட்டது. மீதியைப் பயனாளர்கள் செலுத்தும் கட்டணம்தான் ஈடுகட்ட வேண்டும். ஈடுகட்டுமா என்பதில் எங்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. எனக்குச் சந்தேகம்தான்.

நான் அதிகம் பார்ப்பது எத்தீரியம் என்னும் மற்றொரு பிளாக்செயின் பேரேட்டை. அதில் 12 விநாடிகளுக்கு ஒரு தொகுதி என்ற கணக்கில் பேரேடு நீள்கிறது. என் மேசையில் என்ன நடக்கிறது என்று ஒரு தொகுதியைத் திறந்தே காட்டுகிறேன். ஒருவர் ஒரு நாணயத்தை வாங்க ஆணை அனுப்புகிறார். அந்த ஆணை பேரேட்டில் ஏறுவதற்கு முன் எல்லோரும் பார்க்கக்கூடிய பொது வரிசையில் சிறிது நேரம் காத்திருக்கிறது. அவர் வாங்கினால் விலை ஏறும் என்பதைக் கண்டுகொண்ட ஒரு நிரல், அவருக்கு முந்தைய வரியில் தன் கொள்முதலையும் அடுத்த வரியில் தன் விற்பனையையும் செருகிவிடுகிறது. மூன்று வரிகள், ஒரே தொகுதி. முதல் வரியும் மூன்றாம் வரியும் ஒரே ஆளுடையவை. நடுவில் இருப்பவர் கூடுதல் விலை கொடுத்துவிட்டுப் போகிறார். பெரும்பாலும் அவருக்கு அது தெரிவதுகூட இல்லை. விதிமீறல் எதுவும் நடக்கவில்லை, கூட்டல் கழித்தல் சரியாக இருக்கிறது, ஆனால் வரிசையை மாற்றியதிலேயே பணம் கைமாறிவிட்டது. பிலிப் டேயனும் அவருடைய சகாக்களும் 2019இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இத்தகைய ஆதாயத்தை ஆய்வுலகம் முறையாக அளக்கத் தொடங்கியது. தரவுகளிலிருந்து இந்த மூன்று வரிகளைப் பொறுக்கியெடுத்து, யாருக்கு எவ்வளவு இழப்பு, எந்த விதியை மாற்றினால் அது குறையும் என்று பார்ப்பதில்தான் என் வேலை நேரத்தில் பாதி போகிறது.

விதியை மாற்றுவது எவ்வளவு நுட்பமான காரியம் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். 2021 ஆகஸ்டில் எத்தீரியம் தன் கட்டண முறையை மாற்றியது. நெரிசலுக்கு ஏற்பத் தானே ஏறி இறங்கும் ஓர் அடிப்படைக் கட்டணம் வந்தது. வசூலாகும் அந்தக் கட்டணம் யாருக்கும் போகாமல் அழிக்கப்படுகிறது. பணத்தை ஏன் அழிக்க வேண்டும் என்று தாங்கள் கேட்பீர்கள், நானும் கேட்டேன். டிம் ரஃப்கார்டன் என்னும் கணினி அறிவியலாளர் 2020இல் செய்த பகுப்பாய்வில் விடை இருக்கிறது. அந்தப் பணம் தொகுதியை எழுதுபவருக்கே போகுமானால், அவர் பயனாளருடன் தனியே பேசி ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். பிறகு அறிவிக்கப்பட்ட கட்டணத்துக்குப் பொருளே இருக்காது. தணிக்கையில் தாங்கள் எத்தனையோ முறை பார்த்த மேசைக்குக் கீழான ஏற்பாடுதான் இது. அதற்கு வழியே இல்லாதபடி விதியிலேயே அடைத்துவிட்டார்கள் என்பது எனக்கு இன்றும் பிடித்த செய்தி.

செயற்கை நுண்ணறிவு எங்கே வருகிறது என்றால், இந்தச் சந்தைகளில் மனிதர் குறைந்து நிரல்கள் பெருகிவிட்ட இடத்தில் வருகிறது. எங்கள் கோட்பாடுகள் எல்லாம் தன் நலத்தை அறிந்து கணக்கிட்டு நடக்கும் ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. தானே கற்றுக்கொள்ளும் நிரல் அப்படித்தான் நடக்கும் என்பதற்கு உறுதி எதுவும் இல்லை. கல்வானோ உள்ளிட்ட நான்கு இத்தாலியப் பொருளியலாளர்கள் 2020இல் வெளியிட்ட ஆய்வில், விலை நிர்ணயிக்கக் கற்றுக்கொண்ட நிரல்கள் ஒன்றுடன் ஒன்று ஒரு சொல்கூடப் பேசாமலே விலையை உயர்த்தி வைத்துக்கொண்டன. ஒன்று விலையைக் குறைத்தால் மற்றது பதிலுக்குக் குறைத்துத் தண்டித்துவிட்டு, இரண்டும் மெல்லப் பழைய விலைக்குத் திரும்பின. சதி செய்ததற்குச் சாட்சி ஒன்றும் இல்லை. சதியின் விளைவு மட்டும் இருக்கிறது. இத்தகைய நிரல்களை, தொகுதியில் இடம்பிடிக்க யார் எவ்வளவு கொடுப்பது என்று முடிவாகும் கட்டண ஏலங்களில் இறக்கினால் எந்த விதி தாங்கும் என்று எங்கள் குழு சோதித்து வருகிறது.

சாட்ஜிபிடி போன்ற, மனிதரைப்போல் எழுதும் மொழி மாதிரிகளை ஏலத்தில் உட்காரவைத்தால் வேறொரு தொல்லை. அவை பாடநூல்களைப் படித்தவை. ஆகவே, ஏலத்தின் பெயரைச் சொன்ன உடனே பாடநூல் விடையை ஒப்பித்துவிடுகின்றன. பெயரை மறைத்து, விதியைச் சற்றே திரித்துக் கொடுத்தால்தான் உண்மையில் கணக்கிடுகிறதா என்பது தெரியும். கேள்வியின் வாசகத்தை மாற்றினாலே கேட்கும் தொகை மாறிவிடுவதும் உண்டு. ஆகவே, கிடைத்த முடிவு சந்தையைப் பற்றியதா, நாங்கள் எழுதிய வாக்கியத்தைப் பற்றியதா என்று பிரித்தறிவதே பெரிய வேலையாகிவிடுகிறது.

இனி இந்த நாட்டைப் பற்றி. சுவிட்சர்லாந்து இந்தத் துறைக்குப் பழகிய மண். இங்கிருந்து ரயிலில் அரைமணித் தொலைவிலுள்ள சூக் நகரில்தான் 2014இல் எத்தீரியம் அறக்கட்டளை பதிவானது. 2016இல் அந்நகராட்சி சிறிய கட்டணங்களைப் பிட்காயினில் பெற்றுக்கொள்ளத் தொடங்கியது. 2021இல் பேரேட்டில் பதிவாகும் பத்திரங்களுக்குச் சட்ட ஏற்பு கிடைத்தபோது, தனியே புதுச்சட்டம் ஒன்றைக் கட்டாமல் இருக்கும் சட்டங்களையே திருத்திக்கொண்டார்கள். எனக்கு இன்னும் சுவையாக இருப்பது இவர்களுடைய வாக்கெடுப்பு. அரசியலமைப்பைத் திருத்த வேண்டுமானால் மக்களில் பெரும்பான்மையும் வேண்டும், மாநிலங்களில் பெரும்பான்மையும் வேண்டும். பிளாக்செயின் அமைப்புகள் பலவற்றில் ஒரு காசுக்கு ஒரு வாக்கு; காசு அதிகம் வைத்திருப்பவர் சொன்னதே சட்டம், மற்றவர்களில் பெரும்பாலோர் வாக்களிப்பதே இல்லை. பெரியவர் சிறியவரை விழுங்காமலிருக்க ஒரு நாடு நெடுங்காலமாகச் செய்துவரும் ஏற்பாடு கண்ணெதிரே இருக்கும்போது, புதிதாகத் தொடங்குகிறவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. வெளிநாட்டவன் என்பதால் எனக்கு இங்கு வாக்கில்லை. வேடிக்கை பார்ப்பதோடு சரி.

தங்கையைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். முனைவர் பட்ட மாணவர்களை இங்கே பணியாளராகவே சேர்த்துச் சம்பளம் கொடுக்கிறார்கள். அது பெரிய நிம்மதி. அதற்குப் பிறகு பேராசிரியர் பதவிக்குக் கீழே இருப்பவை பெரும்பாலும் காலவரம்புள்ள ஒப்பந்தங்கள். ஒப்பந்தம் முடிய முடிய அடுத்த இடத்தைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டும், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்கு அனுமதிச் சீட்டின் கவலையும் கூடவே வரும். இரண்டு துறைகளுக்கு நடுவில் நிற்பதிலும் ஒரு சங்கடம் உண்டு. கணினித் துறையில் ஒரு கட்டுரையின் தலைவிதி சில மாதங்களில் மாநாட்டில் தெரிந்துவிடும். பொருளியல் இதழ்களில் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அதற்குள் நாம் ஆராய்ந்த விதியே மாறிப்போயிருக்கும். பழைய எத்தீரியக் கட்டண முறையைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர்களின் கட்டுரைகள் 2021க்குப் பிறகு வரலாறாகிவிட்டன. அதனால் வேகமாக மாறும் தொழில்நுட்பத்தை நம்பி வர வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏலம், ஊக்கம், நிகழ்தகவு ஆகியவற்றில் அடித்தளம் உறுதியாக இருந்தால் பிளாக்செயின் என்ற சொல்லே வழக்கொழிந்தாலும் அவளுக்கு வேலை இருக்கும். நாணயங்களின் மீதுள்ள மோகத்தால் வருவதாக இருந்தால் தடுத்துவிடுங்கள். விதிகளின் மீதுள்ள ஆர்வத்தால் என்றால் வரட்டும்.

அவளுடைய மதிப்பெண் பட்டியலையும், தானே எழுதிய நிரல் ஏதேனும் இருந்தால் அதையும் எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அதிகம் கேட்டவர் வென்று, அவருக்கு அடுத்தபடியாகக் கேட்கப்பட்ட தொகையை மட்டும் செலுத்தும் இரண்டாம் விலை ஏலத்தில் தன் உண்மையான மதிப்பைச் சொல்வதே ஒருவருக்கு ஏன் நல்லது என்று இரண்டு பக்கங்களில் எழுதி இணைக்கட்டும். விக்ரி என்னும் பொருளியலாளர் 1961இலேயே விடை சொல்லிவிட்டார், ஆனாலும் நூலைப் பார்க்காமல் அவளே யோசித்து எழுத வேண்டும். படித்துவிட்டு, எந்தப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கலாம் என்று அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். சித்திக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மகன்