ஆரணித் தோழிக்கு, வாலட் விஷயமாக

சாத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள தோழிக்கு,

உன் குரல் செய்தியை இரண்டு முறை கேட்டேன். நின்ற இடத்தில் பதில் சொல்லிவிடக் கூடிய கேள்வியாக அது இல்லை, அதனால்தான் மதிய வேலையை ஒதுக்கிவிட்டு எழுத உட்கார்ந்தேன். முதலில் வீட்டுச் செய்தி: அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்துவிட்டது, சொட்டு மருந்து மட்டும் போட்டுக்கொண்டிருக்கிறோம், இப்போது காலண்டரில் தேதியைத் தானே படிக்கிறாள். வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் மாமியார் உடம்பு தேவலையா? விசாரித்ததாகச் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். புடவைக்கு இணையத்தில் கடை திறக்கப் போகிறாய், கியூஆர் கோடு இருக்கிறது, போன் நம்பருக்கே பணம் போட்டுவிடுகிறார்கள், அப்புறம் எதற்குத் தனியாக வாலட், அதாவது போனில் முன்கூட்டியே பணம் ஏற்றி வைத்துச் செலவழிக்கும் பணப்பை, அதிலிருந்தும் பணம் வாங்க வேண்டும் என்று கேட்டாய். நானும் செருப்புக் கடையை ஆரம்பித்தபோது இதே மாதிரிதான் நினைத்தேன். ஆம்பூரில் தைத்து வாங்குகிறேன், வங்கிக் கணக்குக்கு யுபிஐயில் பணம் வருகிறது, 2020 ஜனவரியிலிருந்து அதற்கு வியாபாரியிடம் எம்டிஆர் என்ற கட்டணமும் பிடிக்கக் கூடாது என்று ஆகிவிட்டது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்தேன்.

என் எண்ணத்தை மாற்றியவர்கள் இங்கே சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்துபோனவர்கள். வங்காளத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வைத்தியத்துக்கு வந்து காந்தி ரோடு பக்கம் லாட்ஜ்களில் வாரக்கணக்கில் தங்குவார்கள், நாம் படிக்கும் காலத்திலிருந்தே பார்ப்பதுதானே. அப்படி வந்தபோது என்னிடம் செருப்பு வாங்கியவர்கள் ஊருக்குப் போய் அக்காவுக்கு, மருமகளுக்கு என்று ஆர்டர் கேட்பார்கள். அதில் ஒரு அம்மா, மகன் என் போனில் வாலட் வைத்துக் கொடுத்திருக்கிறான், அதில் 1,800 ரூபாய் இருக்கிறது, ஆனால் உங்கள் கியூஆரில் போடப் போனால் போகவில்லை என்றார். எனக்கு அப்போது காரணம் புரியவில்லை. பிறகுதான் தெரிந்துகொண்டேன், இதை நீ நன்றாக மனதில் வாங்கிக்கொள்: வாலட்டில் இரண்டு வகை உண்டு. முழு கேஒய்சி, அதாவது முழு அடையாளச் சரிபார்ப்பு, முடித்த வாலட்டில் 2 லட்சம் வரை வைக்கலாம், அதை யுபிஐயோடு இணைத்து எந்தக் கியூஆரிலும் செலவழிக்கலாம், வங்கிக்கும் மாற்றலாம். போன் நம்பரும் ஓர் அடையாள எண்ணும் மட்டும் கொடுத்துத் திறந்த சின்ன வாலட்டில் 10,000 ரூபாய்க்கு மேல் வைக்க முடியாது, அந்தப் பணத்தை வங்கிக்கு அனுப்பவோ வேறொருவருக்குக் கொடுக்கவோ முடியாது, பொருள் வாங்கத்தான் முடியும், அதுவும் அந்த வாலட்டை ஏற்றுக்கொள்ளும் கடையில் மட்டும். அந்த அம்மாவின் 1,800 ரூபாயும் அப்படிப்பட்ட பணம்தான். நான் கதவைத் திறக்காவிட்டால் அது என் கடைக்குள் வரவே முடியாது.

அதனால்தான் பேமென்ட் கேட்வேயில், அதாவது இணையக் கடைக்காக எல்லா வழியிலும் பணம் வாங்கி நம் கணக்குக்கு அனுப்பும் சேவையில், சேர்ந்தேன். அதில் கார்டு, யுபிஐ, நெட்பேங்கிங், நாலைந்து வாலட் எல்லாம் ஒரே பக்கத்தில் வந்துவிடுகிறது, ஒவ்வொரு வாலட்காரரிடமும் தனித்தனியாக ஒப்பந்தம் போட வேண்டியதில்லை. ஒரே ஒரு வாலட்டை மட்டும் நம்பி உட்காராதே. 2024 ஜனவரி கடைசியில் பேடிஎம் பேமென்ட்ஸ் வங்கி மீது ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது உனக்கு ஞாபகம் இருக்கும், மார்ச் 15க்குப் பிறகு பேடிஎம் வாலட்டில் புதிதாகப் பணம் போட முடியாமல் போனது, இருப்பைச் செலவழிக்க மட்டும் விட்டார்கள். நாலு வழி திறந்திருந்தால் ஒன்று அடைபட்டாலும் கடை நடக்கும்.

செலவைச் சொல்கிறேன். என் கேட்வே 2 சதவீதம் எடுக்கிறது, அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 1,499 ரூபாய் செருப்புக்கு 29 ரூபாய் 98 காசு கட்டணம், 5 ரூபாய் 40 காசு வரி, ஆக 1,463 ரூபாய் 62 காசு கைக்கு வரும், அதுவும் இரண்டு வேலை நாள் கழித்து. உன் ஜரிகைப் பட்டு 15,000, 20,000 என்று போகும், அங்கே சின்ன வாலட்டுக்கு வேலையே இல்லை, அவர்கள் வங்கியிலிருந்தோ கார்டிலோதான் கொடுப்பார்கள். ஆனால் 900, 1,200 ரூபாய் பருத்திப் புடவைக்கு வாலட் பணம் தாராளமாக வரும். இன்னொன்று, முழு கேஒய்சி வாலட்டிலிருந்து யுபிஐ வழியாக 2,000 ரூபாய்க்கு மேல் வந்தால் 2023 ஏப்ரலிலிருந்து 1.1 சதவீதம் வரை இன்டர்சேஞ்ச் என்ற கட்டணம் உண்டு, அது வாங்குபவர் தலையில் விழாது, நம் பக்கம்தான் வரும். விலை போடும்போதே இதை உள்ளே வைத்துப் போடு. கடைசிப் பக்கத்தில் கூடுதலாக 30 ரூபாய் கேட்டால் ஜனங்கள் கூடையை அப்படியே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள், அது நியாயமும் இல்லை. கட்டணமும் வரியுமாக ஒரு செருப்புக்குப் போகும் அந்த 35 ரூபாய் எனக்கு நஷ்டமாகத் தெரியவில்லை. கேஷ் ஆன் டெலிவரியில் அனுப்பிய பார்சல் வாங்க ஆளில்லாமல் திரும்பி வந்தால் போக வர இரண்டு கூரியர் கூலியும் நம் கையிலிருந்துதான் போகிறது, அதைப் பார்க்கும்போது முன்பணம் கொடுத்து வாங்குகிறவர் எவ்வளவோ மேல்.

ஆனால் தோழி, பணம் வாங்குவதைவிடத் திருப்பிக் கொடுப்பதைத்தான் நீ முதலில் கற்றுக்கொள்ள வேண்டும், இந்தக் கடிதமே அதற்காகத்தான். செருப்பு என்றால் சைஸ் பொருந்தாமல் திரும்பி வரும், புடவை என்றால் போனில் பார்த்த நிறம் வேறு, நேரில் வேறு என்று திரும்பி வரும். முதல் வருஷம் அசாமிலிருந்து ஒரு தங்கை 7 சைஸ் வாங்கிக் கடிக்கிறது என்று திருப்பி அனுப்பினாள். வாலட்டில் கொடுத்த பணம். நான் பாவப்பட்டு, சீக்கிரம் கிடைக்கட்டும் என்று அவள் சொன்ன வேறொரு நம்பருக்கு என் கணக்கிலிருந்து யுபிஐயில் 1,299 ரூபாயைப் போட்டுவிட்டேன். கேட்வே பக்கத்தில் அந்த ஆர்டர் பணம் பெற்றதாகவே நின்றது. அந்த நம்பர் அவள் அண்ணனுடையதாம், அவன் சொல்ல மறந்துவிட்டான், அவள் பணம் வரவில்லை என்று வாலட் நிறுவனத்தில் புகார் கொடுத்தாள், பதில் சொல்ல எனக்கு வந்த மின்னஞ்சலை நான் கெடு தாண்டித்தான் பார்த்தேன், அடுத்த செட்டில்மென்டில், அதாவது கேட்வே என் கணக்குக்கு அனுப்பும் விற்பனைப் பணத்தில், 1,299 பிடித்துவிட்டார்கள். அவள் மேல் தப்பு இல்லை, உண்மை தெரிந்ததும் அழுதுகொண்டே போன் செய்து பணத்தை அனுப்பினாள். ஆனால் நடுவில் இருந்த பதினோரு நாளும் அவள் என்னை ஏமாற்றுக்காரி என்று நினைத்தாள், நானும் அவளை அப்படியே நினைத்தேன். அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அன்றிலிருந்து பணம் எந்த வழியில் வந்ததோ அந்த வழியிலேயேதான் திரும்பப் போகும், வேறு நம்பர் கொடுத்து யார் கெஞ்சினாலும் சரி. கேட்வே பக்கத்தில் அந்த ஆர்டரைத் திறந்து ரீஃபண்ட் பொத்தானை அழுத்தினால் வாலட்டுக்கே போய்விடும். இருப்பு 10,000 தாண்டிவிடுமே, எப்படி வரும் என்று ஒருவர் கேட்டார். ரீஃபண்டுக்கு அந்த வரம்பு தடையில்லை என்று ரிசர்வ் வங்கி விதியிலேயே இருக்கிறது, வாலட்டிலிருந்து எவ்வளவு போனதோ அவ்வளவும் உடனே ஏறிவிட வேண்டும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள், என் கேட்வேயில் வரப்போகும் செட்டில்மென்டிலிருந்துதான் ரீஃபண்ட் கழியும், விற்பனை இல்லாத வாரத்தில் இருப்பு போதாமல் அது காத்து நிற்கும். அதற்காக நான் எப்போதும் ஒரு 5,000 ரூபாயை அங்கேயே விட்டுவைக்கிறேன்.

பணம் போய்விட்டது, ஆர்டர் விழவில்லை என்றும் போன் வரும். பதறாதே, உடனே இன்னொரு தடவை போடச் சொல்லாதே. 2019 செப்டம்பர் விதிப்படி, வாலட்டிலிருந்து நேராகப் போன பணம் கடைக்கு உறுதியாகாவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும், யுபிஐ என்றால் ஐந்து நாள், அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் வாடிக்கையாளருக்கு ஈடு. இதை அமைதியாகச் சொன்னால் அவர்களுக்கும் தெம்பு வருகிறது. அதே மாதிரி ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துப் புடவையை மடிக்காதே, எவ்வளவு தெரிந்தவராக இருந்தாலும். கேட்வே பக்கத்தில் பணம் பெற்றதாக வந்த பிறகுதான் பார்சல் கட்டு.

வெளிநாட்டில் இருக்கும் உன் நாத்தனார் தோழிகளுக்கு இந்த ஊர் வாலட் எதுவும் ஆகாது. பேபால் 2021 ஏப்ரலிலிருந்து இங்கே உள்நாட்டுப் பணத்துக்கு இல்லை, வெளிநாட்டுப் பணத்துக்கு இருக்கிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் உள்ளூர்க் கடை நடக்கட்டும்.

ஆடிக் கிருத்திகைக்கு இரத்தினகிரிக்கு வருவாய் அல்லவா, அப்படியே வீட்டுக்கு வந்துவிடு. பான் கார்டு, வங்கிக் கணக்கு விவரம், ஜிஎஸ்டி சான்று எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து வை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பதிவு செய்துவிடுவோம். கணக்கு திறந்ததும் என் வாலட்டிலிருந்து ஒரு ரூபாய் போடுகிறேன். அதை நீ எனக்கு ரீஃபண்ட் செய்து பார், அது எத்தனை நாளில் வந்து சேர்ந்தது என்று நான் உனக்குச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் சாத்துவாச்சாரித் தோழி