முகாமில் நாம் கேட்காத கேள்வி: மும்பைத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளுக்கு வணக்கம்.

தாராவியிலும் செம்பூரிலும் நீங்கள் நடத்தும் இலவச மருத்துவ முகாம்களில் பெயர் பதியும் மேசையில் உட்காருபவள் நான். சர்க்கரை, இரத்த அழுத்தம், கண், இ.சி.ஜி. எல்லாம் பார்க்கிறோம். அரிசியைக் குறையுங்கள், உப்பைக் குறையுங்கள், தினமும் நடங்கள் என்று சொல்லி அனுப்புகிறோம். அந்த அறிவுரையில் பிழையில்லை. ஆனால் ஐம்பது வயதில் வந்த நோய்க்குப் பத்து வயதிலும் வேர் இருக்கலாம் என்ற எண்ணத்துக்கு நம் முகாமில் இடமே இல்லை.

அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் எடை குறைப்புச் சிகிச்சை நடத்திய மருத்துவர் வின்சென்ட் ஃபெலிட்டி, நன்றாக எடை குறைந்துவந்தவர்களே பாதியில் விலகிப் போவதைக் கண்டு காரணம் விசாரித்தார். சிறுவயதில் பாலியல் வன்முறைக்கு ஆளானதைப் பலர் சொன்னார்கள். பிறகு அவரும் மருத்துவ ஆய்வாளர் ராபர்ட் ஆண்டாவும் ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் சிறுவயது அனுபவங்களைக் கேட்டு, 1998இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அடி, வசை, பாலியல் வன்முறை, தாய் அடிபடுவதைப் பார்த்து வளர்வது, வீட்டில் குடிநோயாளி, மனநோயாளி அல்லது சிறை சென்றவர் இருப்பது என ஏழு வகைத் துன்பங்களைக் கணக்கிட்டார்கள். நான்கோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்கு, எதையும் அனுபவிக்காதவர்களைவிட மாரடைப்பு போன்ற இதய நோயும் பக்கவாதமும் இரு மடங்குக்கு மேல் காணப்பட்டன. நாட்பட்ட நுரையீரல் நோய் ஏறத்தாழ நான்கு மடங்கு.

அந்த ஆய்வில் பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் கல்லூரி வரை படித்த, மருத்துவக் காப்பீடு உள்ள நடுத்தர வர்க்கத்தினர். ஆகவே இதைத் தாராவிச் சந்துகளின் கதை என்று ஒதுக்கிவிட முடியாது. மாட்டுங்காவின் அடுக்குமாடி வீடுகளுக்குள்ளும் இதுதான் நடக்கிறது.

புகையும் குடியும்தான் காரணம் என்பீர்கள். அவற்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் நியூசிலாந்தின் டனீடன் நகரில் பிறந்ததிலிருந்து தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில், குழந்தையாகக் கொடுமை அனுபவித்தவர்களின் இரத்தத்தில் 32 வயதில் அழற்சியின் (காயத்தையோ கிருமியையோ எதிர்க்க உடல் காட்டும் எதிர்வினையின்) அடையாளங்கள் கூடுதலாக இருந்தன. பிற்காலப் பழக்கங்களைக் கழித்துப் பார்த்த பிறகும் அந்த வேறுபாடு நின்றது. அப்பா கதவைத் தட்டும் சத்தத்துக்கே நடுங்கும் பிள்ளையின் உடலில் அட்ரினலின், கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன்கள் சுரக்கின்றன. எப்போதோ ஒருமுறை என்றால் உடல் தாங்கிக்கொள்ளும். ஒவ்வோர் இரவும் என்றால், இதயமும் நோய் எதிர்ப்பு மண்டலமும் அந்த அச்சத்துக்கு ஏற்பவே பழகிவிடுகின்றன.

நம் நாட்டில் 13 மாநிலங்களில் நடத்தி 2007இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில், மூன்று குழந்தைகளில் இருவர் உடல்ரீதியான வன்முறைக்கு ஆளானவர்கள். கட்டாயக் கல்விச் சட்டம் 2009இலேயே பள்ளியில் அடிப்பதைத் தடை செய்துவிட்டது. அப்படியும் நம்மவர்கள் நடத்தும் டியூஷன் வகுப்புகளில் பிரம்பு மேசை மீதே கிடக்கிறது; 'நல்லா அடிங்க டீச்சர்' என்று சொல்லிச் சேர்க்கும் பெற்றோரையும் பார்க்கிறேன். அந்தப் பெற்றோர் கெட்டவர்கள் அல்லர். அவர்களும் அப்படித்தான் வளர்க்கப்பட்டார்கள்.

உங்களிடம் கேட்பது இதுதான். முகாமில் ஓர் அறையை ஒதுக்கி, தமிழ் பேசும் மனநல ஆலோசகர் ஒருவரை உட்கார வையுங்கள். வரிசையில் நிற்பவரிடம் படிவத்தை நீட்டி, உங்களை அடித்தார்களா என்று எல்லார் முன்னிலையிலும் கேட்கவே வேண்டாம். துன்பங்களின் எண்ணிக்கையை வைத்து ஒருவரின் எதிர்காலத்தைக் கணிப்பது தவறு என்று ஆண்டாவே பிற்காலத்தில் எச்சரித்திருக்கிறார். அந்த எண்ணிக்கை ஊரைப் பற்றிப் பேசும், தனி மனிதரைப் பற்றி அல்ல. பேச விரும்புகிறவருக்கு ஓர் அறை இருக்கட்டும், அது போதும்.

அடுத்து, உங்கள் ஆதரவில் நடக்கும் டியூஷன் வகுப்புகளில் பிரம்பை விலக்குங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைத் தமிழில் எழுதி அங்கே ஒட்டுங்கள். குடும்பத்தில் ஒருவர் குடிக்கிறார் என்றால், அவருக்கான சிகிச்சை அந்த வீட்டுப் பிள்ளையின் இதயத்துக்கான சிகிச்சையும்தான் என்று மேடையில் பேசுங்கள். நிலையாக அன்பு காட்டும் பெரியவர் ஒருவர் இருந்தாலே அச்சத்தின் பாதிப்பு குறையக்கூடும். பாட்டியாகவோ, ஆசிரியராகவோ, பக்கத்து வீட்டு அத்தையாகவோ அவர் இருக்கலாம். அப்படிப்பட்டவர்கள் நம் ஆட்களில் நிறையவே உண்டு. அவர்களைத் தேடிப் பயிற்சி கொடுக்கும் வலிமை உங்கள் அமைப்புகளுக்கு இருக்கிறது.

பொங்கல் முகாமுக்கான திட்டக் கூட்டத்தில் இதற்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். அறை ஏற்பாட்டையும் ஆலோசகரைத் தேடும் வேலையையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முகாம் தன்னார்வலர் ஒருவர்,
சயான், மும்பை