ஏர்பிரஷ் இல்லாமல் முடித்த ரோபோ

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்த சேதி படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குக் கண்ணாடி பவர் ஏறிவிட்டது. இப்போதெல்லாம் பூதக்கண்ணாடி விளக்கு இல்லாமல் ஸ்டிக்கர்கூட ஒட்ட முடிவதில்லை. ஆனால் மேசையை விட்டு எழவில்லை.

காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷ் வாங்கிய பிறகுதான் உன் கன்டம் கிட்டை, அதாவது அந்த ஜப்பானிய அனிமேஷன் தொடரின் ராட்சத ரோபோவைத் துண்டு துண்டாகப் பொருத்திச் செய்யும் பிளாஸ்டிக் மாடலை, முடிப்பேன் என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து காத்திருக்காதே. 1980இல் ஜப்பானிய பொம்மை நிறுவனம் பண்டாய் வெளியிட்ட முதல் கன்டம் கிட்டுக்குப் பசையும் பெயிண்டும் இல்லாமல் வழியில்லை. இப்போது வருபவை நிறத்தோடேயே வார்க்கப்பட்டு, அழுத்தினால் பொருந்தும்படி இருக்கின்றன. அடிப்படை நிறம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பிளாஸ்டிக் பளபளப்பைக் கொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு மேட் கிளியர் (பளபளப்பில்லாத, நிறமற்ற பூச்சு) ஸ்ப்ரே கேன் போதும். நான் இதுவரை செய்ததில் பாதி அழகு அந்த ஒரு கேனிலிருந்து வந்ததுதான்.

முதலில், பாகங்களைச் சட்டத்திலிருந்து வெட்டிய தழும்புகளைக் கவனி. நிப்பரால் (சின்ன வெட்டுக் குறடு) ஒரே வெட்டில் எடுக்காதே. கொஞ்சம் தள்ளி வெட்டிவிட்டு, மிச்சத்தை இரண்டாவது வெட்டில் எடு. அப்புறம் 400, 600, 1000 என்று எண் ஏற ஏற மென்மையாகும் உப்புத்தாளில் தேய். வெள்ளையாக வெளுத்த இடம் நகத்தால் அழுத்தித் தேய்த்தால் ஓரளவு மறையும். மேட் பூச்சு சின்னக் கீறல்களை மறைத்துவிடும், ஆழமான தழும்பை மறைக்காது.

பேனல் கோடுகளுக்கு, அதாவது தகடுகள் சேரும் இடம்போல் பாகத்தில் செதுக்கியிருக்கும் பள்ளங்களுக்கு, மார்க்கர் பேனாவே போதும். வெள்ளைப் பாகத்துக்குச் சாம்பல், சிவப்புக்குப் பழுப்பு. எல்லா இடத்திலும் கறுப்பைப் போட்டால் பொம்மை கார்ட்டூன் மாதிரி ஆகிவிடுகிறது. எனாமல் வாஷ் (தின்னரில் நீர்க்கக் கரைத்த எனாமல் பெயிண்ட்) பயன்படுத்தினால் ஒன்றை மட்டும் மறக்காதே: அதை மூட்டுகளில் வழிய விடாதே. என் பழைய கிட் ஒன்றில் இடுப்பு மூட்டுக்குள் அது தேங்கி, மறுநாள் காலை ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பாகம் இரண்டாகப் பிளந்து கிடந்தது. இறுக்கமாகப் பொருந்திய பிளாஸ்டிக்கில் தின்னர் ஊறினால் அப்படித்தான் வெடிக்கும். மூன்று வாரம் உழைத்தது. மனசு மிகவும் கஷ்டப்பட்டது.

இனி நான் ரொம்ப விரும்பும் பகுதி. அழுக்கும் தேய்மானமும். இங்கே ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொள். 1/144 அளவில், அதாவது நிஜத்தில் 144இல் ஒரு பங்காக, 18 மீட்டர் உயரமுள்ள இயந்திரம் 12.5 சென்டிமீட்டராகச் சுருங்குகிறது. அப்படியென்றால் நீ வைக்கும் ஒரு மில்லிமீட்டர் சிராய்ப்பு, நிஜத்தில் 14 சென்டிமீட்டருக்கு மேல் பெயிண்ட் பெயர்ந்த இடம். அரைச் சாணுக்கு மேல்! இதை யோசித்த பிறகு என் கை தானாகவே அடங்கிவிட்டது. பேக்கிங் ஸ்பாஞ்சைக் கிள்ளி, அடர்பழுப்பு அக்ரிலிக்கில் தொட்டு, முதலில் காகிதத்தில் ஒற்றி ஒற்றிப் பெயிண்டை ஏறக்குறைய தீர்த்துவிட்டு, அப்புறம் விளிம்புகளில் மட்டும் லேசாகத் தொடு. தோள், முழங்கால், கேடயத்தின் ஓரம், கைமுட்டி. உரசும் இடம் எது என்று யோசித்தாலே இடம் கிடைத்துவிடும். வெள்ளி நிறத்தைப் பழுப்புப் புள்ளிக்கு நடுவில் ஊசிமுனை அளவு வைத்தால் உலோகம் தெரிகிற மாதிரி இருக்கும்.

புழுதிக்குப் பேஸ்டல் சாக்கைச் சுரண்டிய பொடி. அது பளபளப்பான பரப்பில் ஒட்டாது. அதனால் மேட் அடித்த பிறகுதான் தடவ வேண்டும். பாதத்தில் அடர்த்தியாக, கணுக்காலில் குறைவாக, முழங்காலுக்கு மேல் அநேகமாக எதுவும் வேண்டாம். கடைசியாக இன்னொரு மெல்லிய மேட் பூச்சு அடித்துப் பொடியை நிறுத்தலாம். கொஞ்சம் மங்கும், அதனால் முதலிலேயே சற்றுத் தூக்கலாகத் தடவிவிடு.

ஸ்ப்ரே அடிப்பதற்கு முன் கண்ணாடி மாதிரியான தெளிவான பாகங்களைக் கழற்றிவிடு, இல்லாவிட்டால் புகைபடிந்துபோகும். சுமார் 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, கையை நகர்த்திக்கொண்டே, காற்றோட்டமான இடத்தில் மெல்லிதாக இரண்டு மூன்று முறை அடி. முகமூடி போட்டுக்கொள். மழை ஈரம் இருக்கும் நாளில் மட்டும் வேண்டாம். போன மழைக்காலத்தில் அவசரப்பட்டு அடித்து, நீல மார்புப் பாகம் முழுக்கப் பனி படிந்த மாதிரி வெளுத்துவிட்டது. வெயில் வந்த பிறகு மேலே இன்னொரு பூச்சு அடித்ததில் பெரும்பாலும் தெளிந்தது. இடது தோளை ஒட்டிய ஒரு மூலை மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது.

உன் கிட்டின் கேடயத்திலிருந்து தொடங்கு. தனிப் பாகம், பரப்பும் பெரியது, தப்பினாலும் திருத்தலாம். காய்ந்ததும் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு. சிராய்ப்புகளை எங்கே வைத்திருக்கிறாய் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
ரவி