ஸ்க்ரூவை இப்போதைக்குத் தொடாதே

குன்னூர்
வியாழன் இரவு

அன்புள்ள சிவா,

உன் கடிதம் வந்தது. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே நாலு நாளாக ஒரே பனிமூட்டம். துவைத்த துணியெல்லாம் ஹாலில் தொங்குகிறது. மற்ற சேதி நேரில். நீ எழுதியதே வண்டிக்காகத்தான் என்று தெரியும்.

கோயமுத்தூரில் ஒழுங்காக ஓடிய மாருதி 800, கோத்தகிரிக்கு வந்த பிறகு ஐடிலிங்கில், அதாவது நின்றபடி சும்மா ஓடும்போது, உதறுகிறது. ஆக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்தால் ஆஃப் ஆகிறது. காற்றையும் பெட்ரோலையும் கலந்து கொடுக்கும் கார்ப்ரேட்டரின் ஸ்க்ரூவை இரண்டு தடவை திருப்பியும் பலனில்லை. இவ்வளவுதானே? அந்த ஸ்க்ரூவை இப்போதைக்கு யாரும் தொட வேண்டாம். வேறெங்கோ இருக்கும் குறையை அது கொஞ்ச நாள் மூடி மறைக்கும், அவ்வளவுதான்.

மலை மேல் பழி போடுகிறாய். பாதிதான் சரி. உன் ஊர் கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரம். காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட 16 சதவீதம் குறைவு. கார்ப்ரேட்டருக்கு இது தெரியாது. கணக்குப் பார்த்தால் காற்றுக்கு ஏற்ற அளவைவிட 9 சதவீதம் போல் பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றும். ஆனால் 2023-லிருந்து பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கிய 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்குக் காற்று குறைவாகப் போதும் என்பதால், அது கலவையை 7, 8 சதவீதம் எதிர்ப்பக்கம் இழுக்கிறது. இரண்டும் ஏறக்குறைய சரிக்குச் சரி. ஆகவே உயரம் மட்டுமே காரணம் என்றால் ஐடிலிங் ஐம்பது, நூறு ஆர்பிஎம் இறங்கும், ஏற்றத்தில் இழுவை குறையும். ஆஃப் ஆகாது. கீழே இருந்தபோதே அரைகுறையாக இருந்த ஏதோ ஒன்று, மெல்லிய காற்றில் தாக்குப்பிடிக்க முடியாமல் வெளியே வந்திருக்கிறது.

எப்போது ஆஃப் ஆகிறது என்று நீ எழுதவில்லை. எனக்கு அதுதான் முக்கியம். காலையில் சோக்கைத் தள்ளியதும் நின்றால் ஒரு வழி, ஓடிச் சூடேறிய பிறகு நின்றால் வேறு வழி. பிரேக் மிதிக்கும்போது மட்டும் என்றால், உன் மாடலில் பிரேக் பூஸ்டர் இருக்குமானால், அதன் டயஃப்ரமோ (உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு) ஹோஸோ காற்று இழுக்கிறது. கொண்டை ஊசி வளைவில் மட்டும் என்றால், கார்ப்ரேட்டருக்குள் பெட்ரோல் அளவைக் காக்கும் ஃப்ளோட்டின் மட்டம். கால் மணி நேரம் ஓடி நின்று, டேங்க் மூடியைத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று உள்ளே போனால் மூடியின் துளை அடைத்திருக்கிறது. ஊதிச் சுத்தம் செய்தால் போதும்.

முதலில் கரண்ட் பக்கம். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரைத் திறந்து, உள்ளே பாயிண்டைப் பார். கறுத்துக் குழி விழுந்திருந்தால் கண்டன்சரையும் சேர்த்து மாற்று. இடைவெளி 0.4 முதல் 0.5 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் வைத்து. பாயிண்டைத் தொட்டால் டைமிங்கும் (பொறி விழும் நேரம்) நகரும், அதையும் பார்க்கச் சொல். பிளக் இடைவெளி 0.7, 0.8. இரவில் விளக்கை அணைத்துவிட்டு, இன்ஜின் ஓடும்போது பானட்டைத் திறந்து பார்: பிளக் ஒயரிலோ டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலோ நீல நிறத்தில் பொறி ஊர்ந்தால் ஈரம் புகுந்திருக்கிறது. மூடியின் உள்பக்கம் மயிரிழை போல் கறுப்புக் கோடு விழுந்திருந்தால் தேய்த்துப் பிரயோஜனமில்லை, புது மூடிதான்.

மூணு சிலிண்டர் இன்ஜின் எப்போதுமே கொஞ்சம் உதறும். மவுண்டிங் ரப்பர் நைந்திருந்தால் அதுவே மிஸ்ஸிங் மாதிரி தோன்றும். சந்தேகம் தீர, ஐடிலிங்கில் பிளக் ஒயரை ஒவ்வொன்றாக, காய்ந்த ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு எடுத்துப் பார். எதை எடுத்தால் ஓட்டத்தில் மாற்றமே இல்லையோ அந்த சிலிண்டர்தான் வேலை செய்யவில்லை. மூன்றும் ஒரே அளவில் இறங்கினால் குறை பொதுவானது: காற்று அல்லது பெட்ரோல்.

காற்றுக் கசிவில்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். கார்ப்ரேட்டருக்கு அடியில் இருக்கும் தடித்த கேஸ்கெட், மானிஃபோல்ட் கேஸ்கெட், வால்வ் மூடியிலிருந்து வரும் ரப்பர் குழாய், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய வேக்கம் குழாய் (இன்ஜின் காற்றை உறிஞ்சும் குழாய்). இன்ஜின் ஓடும்போது ஒவ்வொரு இணைப்பிலும் சோப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடு. ஓட்டம் சட்டென்று மாறினால் அங்கேதான். சிலர் கார்ப்ரேட்டர் கிளீனரை அடிப்பார்கள். எக்ஸாஸ்ட் சூட்டில் தீப்பிடிக்கும், வேண்டாம். மெல்லிய குழாயின் கார்ப்ரேட்டர் முனையைக் கழற்றி வாயால் உறிஞ்சு, நாக்கால் மூடு. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் தகடு நகர்ந்து அப்படியே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது. அது கசிவு மட்டுமில்லை, டைமிங் அட்வான்ஸும் போச்சு.

இன்ஜின் உறிஞ்சும் பலத்தை அளக்க மெக்கானிக் வேக்கம் கேஜ் வைத்தால் ஒன்று சொல்லிவிடு. புத்தகத்தில் 17 முதல் 21 பாதரச அங்குலம் என்று இருப்பது கடல் மட்டத்து அளவு. ஆயிரம் அடிக்கு ஒரு அங்குலம் கழிக்க வேண்டும். உன் ஊரில் 11 முதல் 15 காட்டினால் இன்ஜின் நன்றாகவே இருக்கிறது. கம்ப்ரஷனும் அப்படித்தான்: கீழே 170 பிஎஸ்ஐ காட்டும் இன்ஜின் மேலே 140-ஐ ஒட்டித்தான் காட்டும். மூன்று சிலிண்டருக்கும் இடையே வித்தியாசம் எவ்வளவு என்று பார். இது தெரியாமல் ரிங் போய்விட்டது என்று இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள்.

அடுத்து, கார்ப்ரேட்டரில் ஒற்றை ஒயர் போகும் சோலினாய்டு, கரண்டில் திறக்கும் பெட்ரோல் வால்வ். சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஓட்டாமல், அந்த ஒயரைக் கழற்றி மாட்டு. டிக் என்று சத்தம் வர வேண்டும். வராவிட்டால் ஐடில் ஜெட்டுக்கு, அதாவது ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளைக்கு, பெட்ரோலே போகாது. ரேஸ் பண்ணினால் ஓடும், கால் எடுத்தால் நிற்கும். நீ சொல்லும் லட்சணம் இதற்கு அப்படியே பொருந்துகிறது. சத்தம் வந்தும் அதே கதை என்றால் ஐடில் ஜெட்டில் அடைப்பு. ஜெட்டைக் கழற்றிக் கிளீனர் அடித்து ஏர் பிடிக்கச் சொல். கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி வாழ்நாள் முழுக்கக் கறுப்புப் புகை. பழைய ரப்பர் பெட்ரோல் குழாய்களை எத்தனால் கரைத்துத் துகளாக்கும். ஜெட்டை அடைப்பது பெரும்பாலும் அதுதான். எத்தனாலைத் தாங்கும் குழாய் கேட்டு வாங்கி, ஃபில்டரோடு மாற்று.

இன்னொன்று, கீழ்நாட்டு மெக்கானிக்குகளுக்குப் பழக்கமில்லாதது. பெட்ரோல் ஆவியாகும்போது கார்ப்ரேட்டர் தொண்டை வெளிக்காற்றைவிட 20 டிகிரி வரைகூடக் குளிர்ந்துவிடும். வெளியே 8, 10 டிகிரி, காற்றில் ஈரம் என்றால் த்ராட்டில் தகட்டின் (ஆக்சிலேட்டரோடு திறந்து மூடும் தகடு) விளிம்பில் ஐஸ் பிடித்து ஐடில் துளையை மூடும். வண்டி நிற்கும். ஐந்து நிமிடத்தில் இன்ஜின் சூட்டில் உருகிவிடும். மெக்கானிக் வந்து பார்த்தால் எதுவுமே இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மூட்டத்தில் உன் ஊருக்கு இது ரொம்பப் பொருந்தும். ஜனவரி உறைபனிக் காலையில் காற்று காய்ந்திருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. எக்ஸாஸ்ட் மேலிருந்து ஏர் கிளீனர் மூக்குக்கு ஒரு மடிப்புக் குழாய் வரும், சூடான காற்றைக் கொண்டுவர. கீழே எதற்கு என்று எடுத்து எறிந்திருப்பார்கள். தெர்மோஸ்டாட்டும் அதே கதிதான். அது இல்லாவிட்டால் உன் குளிரில் இன்ஜின் சூடே ஏறாது. டெம்பரேச்சர் முள் கால்வாசிக்கு மேல் எழும்பவில்லை என்றால் இரண்டையும் திரும்பப் போடு.

இதெல்லாம் முடிந்த பிறகு ஸ்க்ரூ. இன்ஜின் நன்றாகச் சூடாகி, சோக் முழுக்கத் திறந்து, ஏர் கிளீனர் மாட்டியபடி. காற்று-பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவை மென்மையாக உள்ளே தட்டும்வரை திருப்பி, ஒன்றரைச் சுற்று வெளியே எடு. அழுத்தி இறுக்கினால் ஊசி முனையில் வரி விழும். ஓட்டம் உச்சத்துக்கு வரும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கிருந்து லேசாக இறங்கத் தொடங்கும்வரை உள்ளே விடு. பிறகு ஸ்பீடு ஸ்க்ரூவில் 900 ஆர்பிஎம்முக்குக் கொண்டு வா. இதைக் கோத்தகிரியிலேயே செய். மேட்டுப்பாளையத்தில் டியூனிங் பார்த்துக்கொண்டு மேலே ஏறாதே.

ஞாயிறு இந்தப் பக்கம் வந்தால் கழற்றிய மூன்று பிளக்கையும் துடைக்காமல், எந்த சிலிண்டர் எது என்று எழுதிக் காகிதத்தில் சுற்றி எடுத்து வா. தங்கச்சியைக் கேட்டதாகச் சொல். வர்க்கி வாங்கி வைக்கிறேன்.

உன்,
முரளி