செயலாளரின் ஆண்டறிக்கை: பேய், செய்வினை என்று அழைத்த வீடுகளும் பள்ளி நிகழ்ச்சிகளும்

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். பேய், செய்வினைப் பயங்களுக்குக் காரணம் தேடித் தீர்க்கும் நம் சங்கத்தின் சென்ற ஆண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் என்று பாலக்காடு மாவட்டத்துத் தமிழ் ஊர்களில்தான் நாம் வேலை செய்கிறோம். இந்தப் பகுதிக்கென்று ஒரு தொல்லை உண்டு. பொள்ளாச்சி, கோவைப் பக்கம் மலையாள மாந்திரீகம் என்றாலே ஒரு மிரட்சி. செய்வினை எடுக்க அங்கிருந்து இங்கே வருகிறார்கள். குறி கேட்கவும் கோடாங்கி பார்க்கவும் இங்கிருந்து அங்கே போகிறார்கள். இரண்டு பக்கமும் நகை அடகுக்குப் போகிறது, மருந்து பாதியில் நிற்கிறது. ஆகவே இந்த ஆண்டு ஒரு வரிசையைக் கண்டிப்பாக்கினோம். பேய் என்று கூப்பிட்டால், அந்த வீட்டில் யார் தூங்கவில்லை, யார் சாப்பிடவில்லை, யார் மருந்தை நிறுத்தினார்கள் என்பதை முதலில் கேட்பது. சத்தம், வெளிச்சம், கல் எல்லாம் பிறகு.

போகும்போது இருவராகப் போக வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். முதல் முறை பகலில்தான் போக வேண்டும். காசு வாங்கக் கூடாது. புதைத்து வைத்த தகட்டையோ கட்டிய தாயத்தையோ வீட்டாரைக் கேட்காமல் தொடக் கூடாது. "அக்கா, இது என்னைக்கு ஆரம்பிச்சுது? அதுக்கு முன்னால வீட்ல என்ன நடந்துச்சு?" என்ற இரண்டு கேள்வியே போதும். பயந்திருப்பவரிடம் "அதெல்லாம் பொய்" என்று சொன்னால் அடுத்த முறை கதவு திறக்காது.

பிறகு அடுக்களையில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கவிடச் சொல்கிறோம். நேரம், இடம், அப்போது வீட்டில் யார் எங்கே இருந்தார்கள், காற்று அடித்ததா, கரண்ட் இருந்ததா என்று ஒரு வாரம் எழுத வேண்டும். சம்பவம் நடந்த உடனே எழுதுவது முக்கியம். மறுநாள் காலையில் எழுதினால், பக்கத்து வீட்டார் இரவில் சொன்னதும் அதில் கலந்துவிடுகிறது.

தகரக் கூரை வீடுகளில் "யாரோ நடக்கிறார்கள்" என்ற புகார் இந்த நோட்டிலேயே பாதி தீர்ந்துவிடும். சத்தம் இருட்டியதும் தொடங்கி ஒன்பது மணி வாக்கில் ஓயும், காலை வெயில் ஏறும்போது மறுபடி கேட்கும். 6 மீட்டர் நீள இரும்புத் தகடு 25 டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் சுருங்குகிறது. திருகு பிடித்து நிறுத்தியிருப்பதால் அது மெதுவாக நகராமல், இறுக்கம் சேர்ந்து சேர்ந்து ஒவ்வொரு திருகாக "டக், டக்" என்று விடுபடும். அந்தச் சத்தம் வரிசையாக நகர்வதால் காலடி போலவே கேட்கிறது. திருகின் அடியில் ரப்பர் வாஷர் புதிதாகப் போட்டு, துளையைக் கொஞ்சம் பெரிதாக்கினால் குறையும். ஓட்டு வீட்டில் நள்ளிரவுக்குப் பிறகு ஓடு சரிந்தால் மரநாயைத் தேட வேண்டும்: பரணில் பழக்கொட்டையோடு கூடிய எச்சம் கிடக்கும். கார்த்திகை தொட்டு மாசி வரை கணவாய் வழியாக அடிக்கும் கிழக்குக் காற்றில் பனையோலை உரசும் சத்தம் நம் எல்லோருக்கும் தெரியும். ஊருக்குப் புதிதாகக் கல்யாணம் ஆகி வந்த பெண்ணுக்குத் தெரியாது. ஏழிலைப்பாலை பூக்கும் மாதங்களில் இரவில் வரும் கடும் மணத்தை யட்சி வந்ததாகச் சொல்வதும் அப்படித்தான்.

ஸ்விட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மங்கலாக எரிகிறது என்று அழைப்பு அதிகமாகிறது. ஸ்விட்ச், மின்சாரம் வரும் பேஸ் கம்பியில் இல்லாமல் அது திரும்பும் நியூட்ரல் கம்பியில் போடப்பட்டிருந்தால் இப்படி நடக்கும். வயர்மேனைக் கூப்பிட்டு மாற்ற வேண்டும். நாம் கை வைக்கக் கூடாது. ஒரு பல்பு கண் கூசும்படி எரிந்து இன்னொன்று மங்கினால், கம்பத்தில் நியூட்ரல் விட்டுப் போயிருக்கலாம். மெயினை அணைத்துவிட்டு உடனே மின்வாரியத்தின் 1912 எண்ணுக்குச் சொல்ல வேண்டும். டி.வி. வெடித்த பிறகு சாத்தானைத் திட்டிப் பயனில்லை. நெல்லியாம்பதி மாதிரிக் குளிர் இடங்களில் அறையைச் சாத்திக்கொண்டு கரி மூட்டிப் படுப்பவர்களுக்குத் தலைவலி, நெஞ்சில் பாரம், உருவம் தெரிவது எல்லாம் கார்பன் மோனாக்சைடால் வரும். 1921லேயே ஓர் அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் இப்படி ஒரு "பேய் வீடு" பதிவாகியிருக்கிறது. காரணம் பழுதான உலை. இது உயிர் போகும் விஷயம். ஜன்னலைத் திறப்பதுதான் முதல் பரிகாரம்.

கல் விழுவது, சோற்றில் மண், பெட்டித் துணியில் தீ என்ற குட்டிச்சாத்தான் புகார்களில் மிகுந்த பொறுமை வேண்டும். திருவல்லாவில் 1898ல் பிறந்து இலங்கையில் பணியாற்றிய பகுத்தறிவாளர் ஆபிரகாம் கோவூர் இத்தகைய வீடுகள் பலவற்றை ஆராய்ந்து, செய்தது வீட்டுக்குள்ளேயே இருக்கும் ஓர் ஆள் என்று திரும்பத் திரும்பக் கண்டார். பெரும்பாலும் அது வாய் திறந்து சொல்ல வழியில்லாத ஒருவராகவே இருக்கும்: படிப்பு நிறுத்தப்பட்ட பிள்ளை, அடி வாங்கும் மருமகள். ஊர் கூடிய இடத்தில் அந்த ஆளைக் காட்டிக் கொடுப்பது நம் சங்கத்தில் அறவே கூடாது. தனியாகப் பேசி, அடியோ வன்முறையோ இருந்தால் பெண்ணுக்கு 181, குழந்தைக்கு 1098 என்று வழி காட்ட வேண்டும்.

கஞ்சிக்கோட்டில் ஷிப்டு வேலை பார்க்கும் இளைஞர்கள் "அமுக்குவான் பேய்" பற்றி நிறையக் கேட்டார்கள். கனவு வரும் உறக்கத்தில் உடல் தசைகளை மூளை கட்டி வைக்கிறது. கட்டு அவிழும் முன்னே விழிப்பு வந்தால் கண் திறக்கும், கை அசையாது, நெஞ்சின் மேல் ஆள் இருப்பது போலத் தோன்றும். சில விநாடி முதல் ஓரிரு நிமிடம் இருக்கும். மல்லாந்து படுத்தாலும் தூக்கம் குறைந்தாலும் அதிகமாக வரும். ஒருக்களித்துப் படுக்கவும், விடுமுறை நாளிலும் ஒரே நேரத்தில் தூங்கவும் சொல்கிறோம். அந்த நேரத்தில் முழு உடம்பையும் உலுக்கப் பார்க்காமல் ஒரு விரலை மட்டும் அசைக்க முயன்றால் சீக்கிரம் விடுபடலாம். பகலிலும் அடக்க முடியாத தூக்கம் வந்தால் மருத்துவரிடம் போக வேண்டும்.

காதில் குரல் கேட்கிறது, சாப்பாட்டில் விஷம் வைக்கிறார்கள் என்று சொல்பவரை எந்தச் சோதனைக்கும் உட்படுத்தக் கூடாது. அரசின் மனநல உதவி எண்ணான 14416 (டெலி மானஸ்) இரவு பகலும் இலவசம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம். 2001 ஆகஸ்ட் 6ல் ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். மனநோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடை செய்கிறது. இதை வீட்டாருக்குச் சொல்லும்போது, கட்டியவர் பெரும்பாலும் வேறு வழி தெரியாத தாய்தான் என்பதை மறக்க வேண்டாம்.

பள்ளி நிகழ்ச்சிகளுக்கு, வாளையாறு தாண்டியதும் இருக்கும் போத்தனூரில் வாழ்ந்து 2009ல் மறைந்த, சாமியார் வித்தைகளைச் செய்து காட்டி விளக்கிய பகுத்தறிவாளர் பிரேமானந்த் காட்டிய வழியே நமக்கும். மந்திரத்தில் தீ எழுவதற்கு ஒரு தேக்கரண்டி பொட்டாசியம் பெர்மாங்கனேட், அதன் நடுக்குழியில் சில சொட்டுக் கிளிசரின் போதும். அந்தக் கிளிசரினைத்தான் நெய் என்று சொல்லி ஊற்றுகிறார்கள். நைசாகப் பொடித்திருந்தால் அரை நிமிடத்துக்குள் பற்றும். கட்டியாக இருந்தாலோ காலைக் குளிரிலோ தாமதமாகும். அப்போது யாராவது குனிந்து பார்ப்பதுதான் பெரிய ஆபத்து. தண்ணீர் கலந்த கிளிசரின் பற்றாது. திறந்த வெளி, மண் ஓடு, பக்கத்தில் மணல் வாளி, இரண்டு மீட்டர் தள்ளிப் பிள்ளைகள். "ரத்தம்" வரும் எலுமிச்சைக்கு புளிப்புப் பட்டால் சிவக்கும் மெத்தில் ஆரஞ்சுச் சாயக் கரைசலைக் கத்தியில் தடவிக் காயவிட்டால் போதும். சாமி படத்தில் விபூதி கொட்டும் வித்தையைச் செய்ய வேண்டாம்; அதற்கு வேண்டிய பாதரச உப்பு கொடிய விஷம். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பாவதைத் தினமும் ஆரத்தித் தட்டில் பார்க்கிறோம். அதே சிவப்பு வாசலில் கிடக்கும் குடத்தில் இருந்தால் நடுங்குகிறோம். இதைப் பிள்ளைகளே சொன்னார்கள்.

குறி பற்றிய பாடத்துக்கு, எல்லோரிடமும் நட்சத்திரம் எழுதி வாங்கி, மறு வாரம் ஒவ்வொருவருக்கும் ஒட்டிய உறையில் ஒரே பலனைக் கொடுத்து ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொல்ல வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரோடு மாற்றிப் படிக்கச் சொன்னால் வகுப்பே எழுந்து நிற்கும். 1948ல் அமெரிக்க உளவியலாளர் போரர் இதே போலத் தம் மாணவர்களிடம் செய்தபோது சராசரி 4.26.

நம் வறண்ட பகுதியில் தேங்காயைக் கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பது பெரும் செலவு வைக்கும் நம்பிக்கை. உள்ளங்கை கொஞ்சம் சாய்ந்தாலே தேங்காய் எழுந்து நிற்கும். சாய்ப்பது பிடித்தவருக்கே தெரியாது. 1833ல் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரூல் கையில் பிடித்த ஊசலிலும், 1853ல் ஆங்கில விஞ்ஞானி பாரடே ஆவி நகர்த்துவதாகச் சொன்ன மேசையிலும் காட்டியது இதையே. சோதிக்க மூடிய 10 கேன்கள், ஒன்றில் தண்ணீர், மற்றவற்றில் அதே எடைக்கு மணல், 20 சுற்று. எதில் தண்ணீர் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்ய வேண்டும். வைத்தவர் அங்கே நிற்கவே கூடாது, அவர் முகமே காட்டிக் கொடுக்கும். தரையில் ஈரம் சிந்தினால் அந்தச் சுற்று செல்லாது. குருட்டாகவே 2 முறை சரியாகும். 6 அல்லது அதற்கு மேல் வருவது நூற்றுக்கு ஒன்று அளவே, அப்படி வந்தால் மரியாதையோடு மறுபடி சோதிப்போம். போர்வெல் போட நினைப்பவர்கள் முதலில் கேரள நிலத்தடி நீர்த் துறையின் மாவட்ட அலுவலகத்தில் மனு கொடுக்கட்டும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக: மந்திரத்தாலும் தாயத்தாலும் நோய் தீரும் என்று விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மகாராஷ்டிரத்தில் 2013லும் கர்நாடகத்தில் 2017லும் வந்தது போன்ற தனிச்சட்டம் கேரளத்தில் வேண்டும் என்ற கோரிக்கையை மறுபடி தீர்மானமாக வைக்கிறோம். 2022ல் இலந்தூரில் நரபலி என்ற பெயரில் கொல்லப்பட்ட இரு பெண்களில் ஒருவர் தருமபுரியிலிருந்து பிழைக்க வந்தவர்.

வரும் ஆண்டுக்கு வேண்டியவை: வீடுகளுக்குப் போக இன்னும் பெண் உறுப்பினர்கள், மின் இணைப்பு பார்க்க உரிமம் பெற்ற ஒரு வயர்மேன், ரசாயனங்களைப் பூட்டி வைக்க இரும்பு அலமாரி. பெயர் கொடுக்க விரும்புவோர் இன்று தேநீர் இடைவேளையில் இணைச் செயலாளரிடம் எழுதிக் கொடுக்கவும்.